ரெண்டு தட்டு

என் வீட்டுக்காரருக்கு ஆபீசில் வைத்த பட்டப்பெயர் 'ரெண்டு தட்டு'. பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

பஸ் கம்பெனிகளுக்குக் கணக்குப் போட்டுத் தரும் வேலை. எங்கள் சாப்பாட்டு மேசைதான் அவருக்கு ஆபீஸ். கம்ப்யூட்டர் நிரல் எழுதும் நோட்புக் என்பது தாளில் இல்லை, திரையில் இருக்கிறது. ஒரு கட்டத்தில் நிரல், அதற்கு மேல் கட்டத்தில் அது என்ன செய்கிறது என்ற விளக்கம். நிரல் மற்றவர்கள் பாடு, விளக்கம் இவர் பாடு. அந்த விளக்கக் கட்டத்துக்குக் கொஞ்சம் கோணல் புத்தி. எண்டர் அடித்தால் எழுதும்போது ஒழுங்காக அடுத்த வரிக்குப் போகும். முடித்துக் காட்டச் சொன்னால் எல்லாவற்றையும் ஒன்றாக ஒட்டிவிடும். ஸ்பேஸ் பாரை இரண்டு தட்டு தட்டிவிட்டு எண்டர் அடித்தால்தான் வரியைப் பிரித்து வைக்கும். அதனால் நாள் முழுக்க டக் டக். அதுவே கைப்பழக்கமாகி, பேசி முடித்தாலும் மேசையில் டக் டக், டீ குடித்து வைத்தாலும் டக் டக்.

"என்னங்க, கதவா தட்டுறீங்க? நான் உள்ளதான் இருக்கேன்!" என்று எத்தனையோ முறை எரிந்து விழுந்திருக்கிறேன்.

போன மாதம் டீம் லீடர் குண்டைத் தூக்கிப் போட்டார். "விளக்கத்துக்குன்னு தனியா ஆள் எதுக்குன்னு மேல கேக்குறாங்க. பஸ் கம்பெனி மேடத்துக்கு நிரல் தெரியாது. அவங்க படிச்சுப் புரிஞ்சுக்கிட்டா நீங்க இருப்பீங்க. இல்லன்னா என் கையில ஒண்ணுமில்ல."

மனுஷன் எழுதினார், அடித்தார், திரும்ப எழுதினார். டீம் லீடரையும் வைத்துக்கொண்டு மேடத்துக்கு வீடியோ காலில் காட்டும் நாளும் வந்தது. திரையில் பார்த்தால் அத்தனை வரியும் ஒரே மொத்தை. ஆபீசில் 'துடைப்பம்' என்று ஒருவர், மகா சுத்தக்காரர். வரிக் கடைசியில் கிடக்கும் வெற்றிடமெல்லாம் குப்பை என்று, சேமித்தவுடன் தானாக அழியும்படி முந்தின நாள்தான் வைத்திருந்தாராம். காலையில் இவர் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்திச் சேமித்தார், தட்டி வைத்த ஸ்பேஸெல்லாம் போயிற்று. துடைப்பம் என் எதிரில் இல்லாதது அவர் அதிர்ஷ்டம்.

"என்ன சார், மூச்சே விடாம போகுது? ஒண்ணும் புரியலையே" என்றார் அந்த மேடம்.

நான் வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டேன். அடுக்களை வாசலுக்கு வந்து திரையை எட்டிப் பார்த்தேன்.

இவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நானே படிக்கிறேன் மேடம்." படித்தார். ஒவ்வொரு வரி முடிவிலும் விரல் தானாக மேசையில் விழுந்தது. டக் டக்.

"கொஞ்சம் நில்லுங்க. நீங்க தட்டுற இடத்துலதானே வரி முடியுது? அங்கயே உடைச்சுக் காட்டுங்க."

இந்த முறை இவர் ஸ்பேஸை நம்பவில்லை. தட்டிய இடத்திலெல்லாம் கோண அடைப்புக்குள் பி, ஆர் என்று இரண்டு எழுத்தைப் போட்டார். அதுவும் வரியை உடைக்கும்; எழுத்து என்பதால் துடைப்பம் தொடாது. வரிகள் ஒன்றன் கீழ் ஒன்றாக வந்து நின்றன. மேடம் சத்தமில்லாமல் படித்தார்.

"எட்டாம் ரூட்ல காலைல ஒரு பஸ் சும்மா ஓடுது. அப்படித்தானே?"

"அதேதான் மேடம்!"

"இனிமேலும் இவரையே எழுதச் சொல்லுங்க."

"அவர்தான் எழுதுவாரு" என்றார் டீம் லீடர். எனக்கு அழுகை வந்துவிட்டது. பழியை வெங்காயத்தின் மேல் போட்டுவிட்டேன்.

அதன்பிறகு இவருக்கு எல்லாமே பி, ஆர்தான். விரல் பழக்கம் மாறிவிட்டது. வேலை நிலைத்ததில் சந்தோஷம்தான், ஆனால் டக் டக் இல்லாமல் வீடு என்னவோபோல் இருந்தது. நேற்று மத்தியானம் டீயைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, மேசையில் நானே தட்டினேன். டக் டக்.

நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "என்ன, அடுத்த வரியா?"

"ஆமா. டீ ஆறுது, குடிங்க."

குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன். டம்ளரை வைத்தார். டக் டக். நான் வெங்காயம் நறுக்கப் போனேன்.