கார்டு மாற்றிய பிற்பகல்

அந்தப் பெண்ணின் அப்பா பேசிய இரண்டு நிமிடங்களை அழித்தது நான்தான். வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் அதைச் சொல்லிக்கொள்வதால் எதுவும் மாறிவிடவில்லை.

மரக்காணத்தில் எனக்கு ஒரு சின்ன ஸ்டுடியோ. கீழே பாஸ்போர்ட் போட்டோ, லேமினேஷன் எல்லாம் என் மனைவி பார்த்துக்கொள்கிறாள். மாடியறையில் நான் கல்யாண வீடியோக்களை வெட்டி, ஒட்டி, பாட்டுச் சேர்த்து முடிப்பேன். மூன்று வருடங்களுக்கு முன் புதுச்சேரியில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினேன். தனித்தனியாகப் பாகம் பார்த்து வாங்கும் அறிவு எனக்குக் கிடையாது. கடையிலேயே முழுதாகக் கட்டி, மூடி, பெட்டியோடு கொடுத்த மெஷின் அது. பழைய கேமரா இருந்தவரை நன்றாகவே ஓடியது. போன வருடம் 4கே கேமரா வாங்கிய பிறகுதான் திணற ஆரம்பித்தது. ஒரு காட்சியை ஓடவிட்டால் நாலு தடவை நின்று நின்று போகும். திடீரென்று சாப்ட்வேர் தானாக மூடிக்கொள்ளும்.

வைகாசியில் ஒரு கல்யாணம் எடுத்தேன். பெண்ணின் அப்பா உப்பளத்தில் கூலி வேலை செய்கிறவர். ஒரே பெண். மாப்பிள்ளை வீடு வானூர் பக்கம். தாலி கட்டி முடிந்ததும் பெண்ணின் பெற்றோரை ஒரு ஓரமாக உட்காரவைத்து, மைக் கொடுத்து, மணமக்களுக்கு ஏதாவது சொல்லச் சொல்வது என் வழக்கம். பெரும்பாலும் வெட்கப்பட்டு ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அவர் இரண்டு நிமிடம் பேசினார். அந்த அளவு மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

மூன்று வாரம்கூட ஆகவில்லை. காலையில் உப்பு வாரிக்கொண்டிருந்தவர், பாத்தி வரப்பிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது.

சாவுக்கு நானும் போயிருந்தேன். மறுநாள் அந்தப் பெண் போன் செய்தாள்.

"அண்ணா, வீடியோ ரெடியாயிடுச்சா?"

"இன்னும் இல்லம்மா. வேலை நடந்துக்கினு இருக்குது."

"அப்பா பேசினது அதுல இருக்குதுல்ல?"

"இருக்குது. முழுசா எடுத்திருக்கேன்."

பிறகு சொன்னாள்: "அப்பா குரல் எங்ககிட்ட ஒண்ணுமே இல்லண்ணா. பட்டன் போன்தான் வச்சிருந்தாரு. அது ஒண்ணுதான் இருக்குது."

"கருமாதிக்கு முன்னாடி கொண்டாந்து குடுத்துடறேன்" என்றேன்.

அந்த ஒரு பதிவை மட்டும் பென்டிரைவில் போட்டு அன்றைக்கே கொடுத்திருக்கலாம். இரண்டு நிமிட வேலை. அது எனக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் நிறம் சரிசெய்யாமல், வெளியே ஸ்பீக்கரில் ஒலித்த பாட்டுச் சத்தத்தைக் குறைக்காமல், அவருடைய படத்தை முன்னால் ஒரு நிமிடம் ஓடவிடாமல் கொடுக்க மனம் வரவில்லை. துக்க வீட்டில் பத்துப் பேர் பார்ப்பார்கள், அழகாக இருக்கவேண்டும் என்று நினைத்தேன். யார் எடுத்தது என்று கேட்பார்கள் என்றும் நினைத்திருப்பேன். இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது.

அன்று அந்தப் பதிவைத் திறந்து வேலை செய்யப் பார்த்தேன். ஆறு முறையும் அவர் பேசத் தொடங்கும் முன்பே சாப்ட்வேர் மூடிக்கொண்டது. புதுச்சேரிக் கடைக்குப் போன் செய்தேன்.

"கிராபிக்ஸ் கார்டு மாத்தினா சரியாயிடும்ணா" என்றார் கடைக்காரர். "ஆனா உங்க மெஷின்ல இருக்கிற பவர் சப்ளை அதுக்குத் தாங்காது. அதையும் சேத்து மாத்தணும். பெட்டிய எடுத்துக்கினு வாங்க, ரெண்டு நாள்ல போட்டுத் தர்றோம்."

கருமாதிக்கு எட்டு நாள்தான் இருந்தது. இரண்டு நாளைக் கடையில் விட்டுவிட மனமில்லை. பஸ் ஏறிப் போய், கார்டையும் சப்ளையையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். எப்படிப் போடுவது என்று யூடியூபில் நாலைந்து வீடியோ பார்த்தேன். எல்லாரும் சிரித்துக்கொண்டே பத்து நிமிடத்தில் போட்டுக் காட்டினார்கள்.

மறுநாள் மதியம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன். மனைவி மாடிக்கு வந்து பார்த்தாள்.

"எல்லாத்தையும் காப்பி எடுத்து வச்சிட்டீங்களா?"

"ரெண்டு டிஸ்க்லயும் இருக்குது" என்றேன்.

அது பொய்யில்லை. எடிட் செய்யும் எஸ்எஸ்டியில் ஒன்று, பெரிய ஹார்ட் டிஸ்கில் இன்னொன்று. இரண்டும் அதே பெட்டிக்குள் இருந்தன. கேமராவில் இருந்த மெமரி கார்டை அடுத்த கல்யாணத்துக்காக ஏற்கெனவே அழித்துவிட்டிருந்தேன்.

பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றுவதே பெரும்பாடாக இருந்தது. எங்கள் ஊர் உப்புக் காற்றுக்கு எந்தத் திருகாணியும் மூன்று வருடம் தாங்காது. துரு பிடித்து, தலை மழுங்கிப்போயிருந்தது. எண்ணெய் விட்டுத் திருகி ஒருவழியாகத் திறந்தேன். பழைய கார்டு சின்னது, உருவினால் வந்துவிட்டது. புதியது அதைப்போல இரண்டு மடங்கு நீளம், இரண்டு மின்விசிறி. உள்ளே போகவில்லை. டிஸ்க் மாட்டும் கூண்டில் ஒரு பகுதியைக் கழற்றி, சாய்த்து, ஒருவாறு நுழைத்தேன். கிளிக் என்று உட்கார்ந்தபோது எனக்கே பெருமையாக இருந்தது.

பிறகு பவர் சப்ளை. பழையதைக் கழற்றி, புதியதை வைத்தேன். அதோடு வந்த புதுக் கேபிள்களை மதர்போர்டுக்கும் கார்டுக்கும் செருகினேன். டிஸ்க் இரண்டுக்கும் மின்சாரம் கொண்டுபோகும் கேபிள் மட்டும்தான் மீதி. பழைய கேபிள், மதர்போர்டின் பின்பக்கமாக வளைந்து வளைந்து போய், ஏழெட்டு இடத்தில் பிளாஸ்டிக் நாடாவால் கட்டப்பட்டிருந்தது. அதை எடுப்பதென்றால் மறுபக்கத் தகட்டையும் கழற்ற வேண்டும். அந்தத் திருகாணிகள் இன்னும் மோசம். பழைய கேபிளின் முனையைப் புது சப்ளையில் வைத்துப் பார்த்தேன். கச்சிதமாகப் பொருந்தியது. சரி, இதுவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

சுவிட்சைப் போட்டதும் விசிறிகள் சுற்றின. மூன்றோ நான்கோ வினாடிதான். தீய்ந்த வாசனை வந்தது. பிளக்கைப் பிடுங்கினேன். என்னவென்று புரியாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு மறுபடி போட்டேன். இப்போது வாசனை இல்லை. திரையில் படம் வந்தது. அவ்வளவு தெளிவாக அந்தத் திரையை நான் பார்த்ததே கிடையாது. புதுக் கார்டு அருமையாக வேலை செய்தது. அந்தத் தெளிவான திரையில், டிஸ்க் எதுவும் இல்லை என்று ஒரு வரி எழுதியிருந்தது.

கடைக்காரருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். அவர் உடனே கேட்டார்: "பழைய கேபிளயா சொருகினீங்க?"

"ஆமா. சரியா உக்காந்துச்சு."

"ஐயோண்ணா" என்றார். பிறகு மெதுவாக விளக்கினார். கேபிள் செருகும் ஓட்டை எல்லாச் சப்ளையிலும் ஒரே மாதிரிதான் இருக்கும், எந்த ஓட்டையில் எத்தனை வோல்ட் வரும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறாம். ஐந்து வோல்ட் போகவேண்டிய கம்பியில் பன்னிரண்டு வோல்ட் போயிருக்கிறது. "கார்டுக்கு ஒண்ணும் ஆயிருக்காது. டிஸ்க்தான்" என்றார்.

நான் மாடியிலேயே உட்கார்ந்திருந்தேன். கீழே மனைவி யாருக்கோ போட்டோ எடுத்துக்கொண்டிருந்தாள். தலையைக் கொஞ்சம் நிமிர்த்துங்க, தோளை இறக்குங்க என்று அவள் சொல்வது கேட்டது. போய் அவளிடம் சொல்வதற்கு எனக்கு அரைமணி நேரம் ஆனது. அவள் திட்டவில்லை. "அந்தப் பொண்ணுக்கு இன்னா சொல்லப் போறீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

சென்னையில், அழிந்த டிஸ்கிலிருந்து பதிவுகளை மீட்டுக் கொடுக்கும் இடம் ஒன்று உண்டு என்று கடைக்காரர் சொன்னார். மறுநாள் காலையிலேயே இரண்டு டிஸ்கையும் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். அங்கிருந்தவர் எஸ்எஸ்டியைப் பார்த்ததுமே, இது தேறாது என்று ஒதுக்கி வைத்துவிட்டார். ஹார்ட் டிஸ்கை மட்டும் வாங்கிக்கொண்டு, போர்டை மாற்றிப் பார்க்கிறோம், பத்து நாள் கொடுங்கள் என்றார். வேறு கல்யாணங்களும் அதில் இருந்தன. ஒரு காதுகுத்து, ஒரு கிரகப்பிரவேசம். அவர்களிடம் பேசிச் சமாளித்துவிடலாம். பஸ்ஸில் திரும்பி வரும்போது அவர்களைப் பற்றி நான் நினைக்கவே இல்லை.

கருமாதிக்கு முந்தின நாள் அந்தப் பெண் கூப்பிட்டாள். மெஷின் ரிப்பேர், இரண்டு நாளில் ஆகிவிடும் என்றேன். "பரவால்லண்ணா, நல்லா பண்ணிக் குடுங்க" என்றாள். கருமாதிக்கு நான் போகவில்லை. அடுத்த வாரமும் கூப்பிட்டாள். அப்போதும் இரண்டு நாள் என்றேன். பிறகு அவள் பெயர் போனில் வந்தும் எடுக்காமலே விட்டேன். அவள் திரும்பத் திரும்பக் கூப்பிடவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

பன்னிரண்டாவது நாள் சென்னையிலிருந்து போன் வந்தது. "உள்ள டிஸ்கைப் படிக்கிற ஹெட்டும் கருகியிருக்கு சார். அதையும் மாத்திப் பாத்துட்டோம். ஒண்ணும் படிக்க மாட்டேங்குது. டிஸ்கை வந்து வாங்கிக்கிறீங்களா, இல்ல இங்கயே போட்டுடவா?"

ஆல்பத்துக்கான போட்டோக்களை முன்பே பிரிண்டுக்கு அனுப்பியிருந்ததால் அவை தப்பித்தன. அந்த ஆல்பத்தை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். பெண் அம்மாவோடு வந்து தங்கியிருந்தாள். நான் ஆல்பத்தைக் கொடுத்ததும், எல்லாப் பக்கங்களையும் தாண்டி, அப்பா இருக்கும் பக்கத்துக்குப் போனாள். எல்லாப் படத்திலும் அவர் ஒரே மாதிரி விறைப்பாக நின்றிருந்தார். அவள் நிமிர்ந்து, "வீடியோ?" என்றாள்.

சொன்னேன். கேபிள், வோல்ட் என்று ஏதேதோ சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, "எல்லாம் போயிடுச்சும்மா. என் தப்புதான்" என்றேன். அவள் அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

திட்டுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். அவள் கேட்டது வேறு.

"அப்பா இன்னா சொன்னாருண்ணா? நீங்க எதிர்லதான நின்னீங்க. அந்த நேரம் என்னைப் பொடவை மாத்தக் கூட்டிப் போயிட்டாங்க. அம்மாவுக்கும் நெனப்பில்லன்றாங்க."

எனக்கு நினைவில்லை. அவர் பேசிய இரண்டு நிமிடமும் நான் அவருக்கு நாலடி தூரத்தில் நின்றிருந்தேன். ஒரு வார்த்தை விடாமல் என் காதில் விழுந்திருக்கும். ஆனால் நான் பார்த்தது போகஸ் சரியாக இருக்கிறதா, சத்தம் சிவப்புக் கோட்டைத் தாண்டுகிறதா, பேட்டரி எவ்வளவு மீதி இருக்கிறது என்பதை மட்டும்தான். பேசியதைப் பிறகு வீடியோவில் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவது எங்கள் தொழிலில் பழகிப்போன ஒன்று.

"நல்லா இருக்கணும், ஒத்துமையா இருக்கணும்னு சொன்னாரும்மா" என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். "அது எல்லாரும் சொல்றதுதானண்ணா."

அப்புறம் நிஜமாகவே ஒன்று நினைவுக்கு வந்தது. பேசத் தொடங்குவதற்கு முன், மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவர் என்னிடம் கேட்டார். "எந்தப் பக்கம் பாத்துப் பேசணும் தம்பி?" கேமராவைப் பாருங்கள் என்றேன். "பொண்ணு இதுல தெரியுமா?" என்றார். தெரியாது, பெண் அப்புறம் வீடியோவில் பார்ப்பாள் என்றேன். அவ்வளவுதான் என்னிடம் இருந்தது. அதைச் சொன்னேன்.

அவள் ஆல்பத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு, வாயைப் பொத்தி அழுதாள். அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். நான் எப்போது எழுந்து வந்தேன் என்று சரியாகத் தெரியவில்லை.

அதற்கப்புறம் இரண்டு மாதம் அந்தக் கல்யாணத்துக்கு வந்தவர்களைத் தேடித் தேடிப் போனேன். யாராவது போனில் எடுத்திருப்பார்களே. கட்டட வேலைக்கு ஆரோவில் பக்கம் போகிறவர் ஒருவரின் போனில் ஒரு பதிவு இருந்தது. பந்தியைச் சுற்றி எடுத்துக்கொண்டே வருகிறார். தூரத்தில் என் முதுகு தெரிகிறது. அதற்கு அப்பால் மைக்கோடு பெண்ணின் அப்பா உட்கார்ந்திருக்கிறார். பதினோரு வினாடி. ஸ்பீக்கரில் பாட்டு அலறுகிறது. மெஷினுக்குப் புது டிஸ்க் வாங்கி மாட்டி, பாட்டைப் பிரித்து எடுக்கும் சாப்ட்வேர்களில் அதைப் போட்டு, பதினைந்து இருபது நாள் உட்கார்ந்தேன். சத்தத்தைக் குறைத்து, மேலும் குறைத்து, கடைசியில் ஆண் குரல் மாதிரி ஒன்று மிஞ்சியது. சொற்கள் புரியவில்லை. ஏதோ பேசுகிறார் என்பது மட்டும் தெரியும். எனக்கு அது போதும் போலத் தோன்றியது.

பெண் வானூருக்குத் திரும்பிவிட்டிருந்தாள். அவளுக்கு அனுப்பும் முன் அம்மாவிடம் காட்டலாமென்று ஒரு சாயங்காலம் போனேன். வாசலில் உட்கார்ந்து முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். விஷயத்தைச் சொல்லி, போனை அவர் காதருகில் பிடித்தேன். கண்ணை மூடிக் கேட்டார். இன்னொரு தடவை போடச் சொன்னார். மறுபடியும் கேட்டார்.

"இது அவரு இல்ல தம்பி" என்றார்.

"பாட்டு சத்தத்தை எடுத்ததுல கொஞ்சம் மாறியிருக்கும்மா. ஆனா அவருதான். படத்துல தெரியுது பாருங்க."

"படத்துல அவருதான். குரல் அவருது இல்ல. முப்பது வருசம் கேட்டுக்கினு இருந்தேன், எனக்குத் தெரியாதா?" அவர் குரலில் கோபம் இல்லை. "இத பொண்ணுக்கு அனுப்பாத. அப்புறம் அவ இதையே அப்பா குரல்னு நெனச்சிக்குவா."

சரி என்றேன். அவர் எதிரிலேயே அதை அழித்தேன். ஸ்டுடியோவில் இருந்ததையும் போய் அழித்துவிடுகிறேன் என்றேன்.

"அழிச்சிடு" என்றார். கீரையை மடியிலிருந்து முறத்தில் தட்டிக்கொண்டு, "டீ வைக்கட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.