ஊசி காணாமல் போன வெள்ளிக்கிழமை

அன்று சர்ச்சின் பின்னறையில் இருந்தவர்கள் நான்கு பேர். தையல் மிஷினில் பாஸ்டரம்மா. பெரியாஸ்பத்திரியில் வேலை பார்த்து ரிட்டையரான நர்ஸம்மா. அடி அண்ணாமலையிலிருந்து வரும் பால்கார வீட்டு அக்கா. விபூதி வைத்துக்கொண்டு வருவார், ஜெபத்துக்கு உட்காரமாட்டார், போர்வை தைக்க மட்டும் உட்காருவார். நான்காவது ஆள் நான். எட்டாவது முழுப்பரீட்சையில் பெயிலாகிவிடுவேனோ என்று பயந்து பரீட்சைக்கே போகாமல் படிப்பை நிறுத்திக்கொண்டவள்.

பழைய புடவைகளை ஆறு மடிப்பாக அடுக்கிக் கைத்தையல் போட்டால் நல்ல கனமான போர்வை வரும். பஸ் ஸ்டாண்டில் படுப்பவர்களுக்கும் ஆஸ்பத்திரியில் துணைக்கு இருப்பவர்களுக்கும் கொடுப்போம். அன்றைய போர்வை ஒரு பச்சைக் குழந்தைக்கு. பிறந்து பத்து நாள்கூட ஆகவில்லை, ஓட்டு வீடு, மார்கழிப் பனி. நர்ஸம்மாதான் சொல்லியிருந்தார். தைத்து முடித்ததும் பால்கார வீட்டு அக்கா, குழந்தை வீடு தன் தெருதான் என்று அதை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பிறகு ஊசிகளை டப்பாவில் போட்டேன். ஐந்து இருக்க வேண்டும். நான்குதான் இருந்தது.

எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஊசியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்பதெல்லாம் மூடநம்பிக்கை என்று பாஸ்டரம்மா சொல்லுவார், நாங்களும் ஆமென் சொல்லுவோம். ஆனால் யாரும் கையில் கொடுக்கமாட்டோம். பக்கத்தில் இருக்கிறவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று துணியில் குத்தி வைப்போம். பாஸ்டரம்மாவும் அப்படித்தான். அப்படிக் குத்தி வைத்ததை எடுக்க மறந்திருந்தால்? ஆறு மடிப்புக்குள் நீள ஊசி, அதன் மேல் குழந்தை.

"எங்கனா கீழ விழுந்திருக்கும், காலைல பெருக்கும்போது பாரு" என்றார் நர்ஸம்மா.

"குழந்தை மேல குத்திடுச்சுன்னா?"

"உனக்கு போன வாரம் ஃபேன் கழண்டு விழும்னு பயம். அதுக்கு முன்ன மிஷின்ல கரண்டு அடிக்கும்னு. அது கால்ல மிதிக்கிற மிஷினு!"

அக்காவுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. ஷேர் ஆட்டோ பிடித்துவிட்டேன். வழி முழுக்க மனதுக்குள் போலீஸ் வந்தது, பேப்பரில் செய்தி வந்தது, அதில் என் போட்டோ நன்றாக இல்லை.

குழந்தை அந்தப் போர்வைக்குள்தான் தூங்கிக்கொண்டிருந்தது. என்ன சொல்வதென்று தெரியாமல், "போர்வையைக் கொஞ்சம் குடும்மா" என்றேன்.

குழந்தையைப் பெற்ற பெண்ணின் முகம் சுருங்கிவிட்டது. "இன்னாக்கா, குடுத்துட்டு திருப்பி கேக்கிறீங்க?"

விஷயத்தைச் சொன்னதும் குழந்தையை வாரி எடுத்துக்கொண்டாள். நான் போர்வையைத் தடவினேன். ஆறு மடிப்பில் என்ன தெரியும்? தரையில் விரித்து அதன் மேல் படுத்து உருண்டேன். குத்தினால் என்னைக் குத்தட்டும். உள்ளே வரப் பார்த்த அவள் மாமியார்க்காரி வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஏம்மா, உங்க சர்ச்சுல இப்டிதான் ஜெபம் பண்ணுவீங்களா?"

உருண்டும் ஊசி குத்தவில்லை. அதனால் பயம் ஜாஸ்திதான் ஆனது. அவர்கள் வீட்டு பிளேடை வாங்கித் தையலை அறுத்தேன். மடிப்பு மடிப்பாகப் பிரித்து உதறினேன். ஊசி இல்லை. வீடு முழுக்கப் பழைய புடவை.

அப்போது போன் அடித்தது. பாஸ்டரம்மா.

"ஊசி கெடச்சிடுச்சு. நான்தான் காலண்டர் அட்டையில குத்தி வெச்சிருந்தேன். எங்க இருக்க நீ?"

"வந்து சொல்றேன்" என்று போனை வைத்தேன்.

"குழந்தைக்கு ராத்திரிக்கு என்னத்த போத்துறது?" என்று அந்தப் பெண் கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அவள் கையில் இருந்தது ஒரு மெல்லிய துண்டு. அதில் சுற்றியிருந்த குழந்தை தும்மியது.

தைத்துக் கொடுத்துவிடலாம் என்றால் அந்த வீட்டில் ஊசி இல்லை. அக்கா வீட்டுக்கு ஓடினேன். சாமி மாடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"வெள்ளிக்கிழமை வெளக்கு வெச்ச நேரத்துல ஊசி கேக்கிறியே, குடுப்பாங்களா? காலைல நானே வந்து தெச்சு தரேன், இப்ப கேக்காத."

அவர் மேல் வருத்தப்பட எனக்கு உரிமை இல்லை. அந்த நேரத்தில் என் வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டிருந்தால் நானும் கொடுத்திருக்கமாட்டேன். தெருவில் வேறு யாரும் கொடுக்கவும் இல்லை.

கிரிவலப் பாதையில் வருகிறவர்களுக்குப் போர்வை விற்கும் கடை ஒன்று திறந்திருந்தது. குழந்தைக்கு ஆகிற மாதிரி மெத்தென்று ஒன்று, முந்நூற்று எண்பது ரூபாய். ஆட்டோவுக்கு எடுத்து வைத்தது போக என்னிடம் நூற்றைம்பது இருந்தது. கடன் என்று ஆரம்பித்ததுமே கடைக்காரர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"வெளக்கு வெச்சப்புறம் கடன்ற வார்த்தையே வாணாம்மா. இருக்கிறத குடு. மீதின்னு சொல்லிட்டுப் போ."

குழந்தையைச் சுற்றிப் படுக்க வைத்தார்கள். அது கண்ணைக்கூடத் திறக்கவில்லை. மாமியார்க்காரி புதுப் போர்வையை இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தார். "இதுல ஒண்ணும் இல்லையே?" என்றார். எனக்கு உடனே சந்தேகம் வந்தது. நல்லவேளை, ஆட்டோ வந்துவிட்டது.

மறுநாள் அக்கா சொன்னபடி பழையதைத் தைத்துக் கொடுத்துவிட்டார். எங்கள் தையல் சங்கப் பணத்தில் கடை பாக்கியைக் கொடுக்கலாமா என்று பாஸ்டரம்மாவைக் கேட்டேன். "ஊசி தொலைஞ்சா சங்கத்துக் கணக்கு. பயந்தா உன் சொந்தக் கணக்கு" என்று சொல்லிவிட்டு மிஷினை மிதிக்கத் தொடங்கினார். நர்ஸம்மா வாயில் துணியை வைத்துக்கொண்டு சிரித்தார்.

பணத்தை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகாமல் இல்லை. போனபோது கடைக்காரரின் மனைவி இருந்தார். அவரிடம் கொடுத்து, அந்தம்மா வீட்டுக்காரரிடம் சொல்ல மறந்து, கடைக்காரர் என்னை ஏமாற்றுக்காரி என்று நினைத்துவிட்டால் என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டே திரும்பிவிட்டேன். மீதி இருநூற்று முப்பது ரூபாய் இன்னும் கொடுக்க வேண்டும்.