இரண்டு விரல் துணி

எங்கள் ஆல்டரேஷன் கடையில் அவளுக்குக் குண்டூசி என்று பெயர். முன்பு வெறும் குண்டு. உடம்பு எடை இறங்கியதும் யாரோ பின்னால் ஊசியை ஒட்டிவிட்டார்கள். இறங்கின பிறகும் அந்தக் குண்டை விட மனசு வரவில்லை பாருங்கள், அதுதான் எனக்கு எரிச்சல். அவள் சிரித்துக்கொள்வாள். "குண்டூசி இல்லாம இந்தக் கடையில ஒரு வேலையாவது நடக்குமா?" என்பாள்.

நான் அவளுக்குப் பக்கத்து மெஷின். அவள் பெருத்த கதையும் எனக்குத் தெரியும். எந்தச் சட்டைக்கும் பக்கவாட்டுத் தையலுக்குள் இரண்டு விரல் அகலம் துணி விட்டுத்தான் தைப்போம். பிற்பாடு இறுக்கினால் பழைய தையலைப் பிரித்துக் கொஞ்சம் தள்ளி ஓட்டிவிடலாம். மற்றவர்களுக்குச் சட்டை இறுகினால் சுருக்கென்று உறைக்கும். தையல்காரிக்கு உறைக்காது. ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து ஒரு தையலைப் பிரித்துவிட்டால் தீர்ந்தது. இப்படிப் பிரித்துப் பிரித்தே அவள் பெருத்தாள். உள்ளே இருந்த துணி தீர்ந்ததும் புதுச் சட்டை தைத்துக்கொள்வாள். அதற்குள்ளும் இரண்டு விரல் இருக்கும்.

மூன்று தடவை பட்டினி கிடந்து இறக்கினாள். மூன்று தடவையும் வட்டியும் முதலுமாகத் திரும்பி வந்தது. நாலாவது தடவை பட்டினியை விட்டாள். தட்டைச் சின்னதாக்கினாள், பஸ்ஸை விட்டு நடந்தாள், மெல்ல இறங்கியது. அப்போது கடையே கைதட்டியது. இறக்கியதை ஐந்து வருஷமாகக் கட்டிக் காக்கிறாளே, அதற்கு ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. பசி அவளை விட்டுப் போய்விட்டதென்று அவர்களுக்கு நினைப்பு. எங்கே போனது? சாயங்காலம் எதிர் பேக்கரியில் ரொட்டி வேகும் வாசனை வந்தால் அவள் பெடலை மிதிக்கிற வேகம் கூடும். பக்கத்தில் இருக்கிற எனக்குத்தான் அது தெரியும்.

அவள் அண்ணிக்கு ஒரு நம்பிக்கை, இவள் கட்டாயம் மறுபடி பெருப்பாள் என்று. இவளுடைய பழைய பெரிய கவுன்களை மூட்டை கட்டித் தன் பீரோ மேல் பத்திரமாக வைத்திருந்தாள்.

போன வருஷம் குண்டூசி மாடிப்படியில் கால் பிசகி விழுந்தாள். கட்டுப் போட்டு வீட்டில் கிடந்தாள். நடை நின்றது. பார்க்க வந்தவர்கள் எல்லாம் கேக்கோடு வந்தார்கள். கடைக்குத் திரும்பிய அன்று அவளுடைய பச்சைச் சட்டையின் நடுப் பொத்தானைப் போட முடியவில்லை.

அன்றைக்கே அண்ணியும் மூட்டையோடு வந்துவிட்டாள். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"நான் அப்பவே சொன்னேன்ல? உங்க வீட்டு உடம்பு வாகு அப்படி. இதெல்லாம் நிலைக்காது. இந்தா, இதைப் போட்டுக்க. இல்லேன்னா அந்தச் சட்டையையாவது பிரிச்சு விடு. உள்ளதான் துணி இருக்கே."

குண்டூசி தையல் பிரிக்கிற கத்தியைக் கையில் எடுத்தாள். ஒரே ஒரு தையல்தானே என்று நினைக்கிறாள், அது முகத்திலேயே தெரிந்தது.

கத்தியை வைத்துவிட்டுத் திரைக்குப் பின்னால் போய்ச் சட்டையைக் கழற்றி, கடையில் தொங்கிய வேலைக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தாள். நேரே ஓவர்லாக் மெஷினுக்குப் போனாள். அது ஓரத்தை வெட்டிக்கொண்டே தைக்கும். பழைய தையலை ஒட்டி ஓட்டினாள். உள்ளே விட்டிருந்த பச்சைத் துணி நாடா நாடாவாகத் தரையில் விழுந்தது.

முதலாளி ஓடி வந்தார். "என்னம்மா பண்றே? இனிமே பிரிக்கவே முடியாதே!"

"அதுக்குத்தான் சார்."

மூட்டையையும் அவள் திருப்பிக் கொடுக்கவில்லை. கவுன்களை வெட்டி எல்லா மெஷினுக்கும் உறை தைத்தாள். ஒரு கவுனுக்கு இரண்டு உறை தேறியது. அதைச் சொல்லி அவளே முதலில் சிரித்தாள்.

கால் சரியானதும் மறுபடி நடந்தாள். வாரா வாரம் அந்தச் சட்டையைப் போட்டுப் பார்த்தாள். பல வாரம் அந்தப் பொத்தான் அசைந்து கொடுக்கவில்லை, அவளும்தான்.

மழைக்காலம் முடிந்து அண்ணி திரைச்சீலை தைக்க வந்தபோது, பச்சைச் சட்டையில் எல்லாப் பொத்தானும் போட்டிருந்தது. அண்ணி அதையே பார்த்தாள். "மறுபடி இறக்கிட்டியா? ம்... இதுவும் எத்தனை நாளைக்கு நிலைக்குமோ."

குண்டூசி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"தானா நிலைக்காது அண்ணி. நான்தான் பிடிச்சு நிறுத்தியிருக்கேன்."

எதிரே ரொட்டி வேக ஆரம்பித்திருந்தது. அவள் பெடலை வேகமாக மிதித்தாள்.