தையல்காரம்மாவின் ஆர்க்கிட்

குண்டூசிகளை உதட்டில் கவ்வியபடியே இலையைத் தடவிப் பார்க்கிறார் தையல்காரம்மா. சட்டைக்குக் கை வைத்து முடித்ததும் ஒரு தடவல். பட்டனுக்குக் காஜா எடுத்ததும் இன்னொரு தடவல். ஜன்னலோரத்து ஆர்க்கிட் செடிக்கு இப்படியே நாள் முழுக்க வைத்தியம்.

என் வீட்டு மாடியில் வாடகைக்குக் குடியிருப்பவர். நான் செங்கல் சுமந்து மூன்று கட்டடம் எழுப்பியவன். பள்ளிக்கூடத்தை வாசலோடு பார்த்தவன். சுவரைத் தட்டினாலே உள்ளே ஈரம் எங்கே என்று சொல்லிவிடுவேன். இந்த அம்மாளைத்தான் கணிக்க முடியவில்லை. அவருடைய துணிக் கத்தரியால் காகிதம்கூட வெட்ட விடமாட்டார். சிமென்ட் மூட்டை பிரிக்க ஒருமுறை கேட்டேன்.

"வாடகைய வேணா ஏத்திக்கோங்க ஐயா. கத்தரிய மட்டும் கேக்காதீங்க."

வாடகையை ஏற்றினேன். கத்தரி வரவில்லை.

செடி அவர் மகளுடையது. வேலைக்காக வெளியூர் போனவள், "இதையாவது கொல்லாம வச்சிரும்மா" என்று ஒப்படைத்துவிட்டுப் போனாள். ஞாயிற்றுக்கிழமை வருகிறாள். இலையோ தோல் சுருங்கிக் கிடக்கிறது. போனில் அவள் செடியைக் காட்டச் சொன்னால், அம்மா கேமராவைத் தன் முகத்துக்குத் திருப்பிக்கொள்வார்.

"வாடுதேன்னு ஊத்துறேன். ஊத்த ஊத்த இன்னும் வாடுது. யாரு மேல கோவம்னே தெரியல ஐயா."

எனக்கும் தெரியவில்லை. "இன்னும் ரெண்டு சொம்பு ஊத்திப் பாரும்மா" என்றுதான் சொல்லிவைத்தேன்.

நேற்று ஜன்னலுக்குக் கீழே பெயிண்ட் உப்பியிருந்தது. சண்டை போடத்தான் மாடியேறினேன். நேராகப் போய்த் தொட்டியைத் தூக்கினேன். ஈரத்தைப் பற்றி எனக்கு யார் சொல்லித்தர வேண்டும்? அழகுக்காக அவர் வாங்கிய பீங்கான் தொட்டியின் அடியில் ஓட்டையே இல்லை. பக்கவாட்டில் முடிபோல ஒரு விரிசல்; என் சுவருக்குத் தண்ணீர் இறங்கியது அதன் வழிதான். உள்ளே செடியின் பிளாஸ்டிக் தொட்டி குளத்தில் நின்றது. குப்பென்று நாற்றம்.

"தண்ணியிலயே நிக்கிறது எப்படி ஐயா தாகத்துல வாடும்?"

 

மகளுக்குப் போன் போட்டார். இந்த முறை கேமரா செடியைப் பார்த்தது.

"வேர் அழுகிப்போச்சும்மா. அப்புறம் எதால குடிக்கும்? கொழகொழன்னு இருக்கறத வெட்டிடு, கெட்டியா இருக்கறத விட்டுடு. புது மரப்பட்டைத் துண்டுல நடு. வேர் வெளுத்தா மட்டும் ஊத்து, ஊத்தினத உடனே வடிச்சிடு."

"பொழைக்குமாடி?"

"ரெண்டு வேர் பச்சையாத்தானே இருக்கு? வெட்டு மொதல்ல."

சமையல் கத்தியால் அறுத்துப் பார்த்தார். வேர் நசுங்கியது, பக்கத்திலிருந்த பச்சை வேரிலும் கீறல் விழுந்தது. கத்தியைக் கீழே வைத்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் ஏதாவது சொல்லிவிடுவேனோ என்று பயந்த மாதிரி இருந்தது.

பிறகு இழுப்பறையைத் திறந்து, துணிக் கத்தரியை எடுத்து, ஸ்பிரிட்டால் இரண்டு பக்கமும் துடைத்தார்.