மொட்டை அரம்

அக்காவின் பெட்டகத்தில் ஒரு அரம் இருந்தது. மரம் அறுக்கும் வாளின் பல்லைத் தீட்டுகிற முக்கோண அரம். தடவிப் பார்த்தால் கண்ணாடிபோல் வழுக்கும். அதனால் எந்த வாளையும் தீட்ட முடியாது. அவள் செத்த பிறகு பெட்டகத்தைத் திறந்த பிள்ளைகள் இதை எறியவா என்று கேட்டார்கள். நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

வாவிக்கு அப்பால், படுவான்கரைக் காட்டில் மரம் தறிக்கும் எங்கள் கூட்டத்தை நடத்தியவரை மேசிரியார் என்போம். தடித்த உடம்பு, மெல்லிய குரல். பிள்ளையாருக்குக் கொப்பு முறித்து வைக்காமல் ஒரு மரத்திலும் கைவைக்க விடமாட்டார், அவ்வளவு பக்தி! அரங்கள் எல்லாம் அவர் மடியில்தான் இருக்கும். காலையில் வாள் தீட்ட வேண்டியவன் தோள் சால்வையை எடுத்து இடுப்பில் கட்டி, இரண்டு கையையும் நீட்டி நிற்க வேண்டும். "கேக்கிற மாதிரிக் கேட்டாத் தாறன்" என்பார். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் கேட்டோம். அக்காவின் புருஷன் மட்டும் மறுத்துவிட்டான். எனக்கு மச்சான், என் வயதுக்காரன், இருவர் இழுக்கும் என் வாளின் மறுபிடியைப் பிடிப்பவன். "வாளும் அவருட, மரமும் அவருட. நான் ஏன் கும்பிட?" என்றான். அன்றிலிருந்து எங்கள் வாளுக்கு மட்டும் அரம் கிடைக்கவில்லை.

மரம் விழவேண்டிய பக்கத்தில் கோடாலியால் வாய் வெட்டி, பின்பக்கம் வாளைப் போட்டால் நிறுத்தாமல் இழுத்து முடிக்க வேண்டும். சாய்ந்த மரமென்றால் இன்னும் வேகமாக. இல்லாவிட்டால் பாரம் தாங்காமல் தண்டு நெடுக்காகப் பிளந்து பின்னால் உதைக்கும். அன்று எங்களுக்கு வாய்த்தது சாய்ந்த முதிரை மரம். பல் தேய்ந்த வாள் மரத்தைச் சீவாமல் மாவாக அரைத்தது. பாதி அறுத்தபோது கச்சான் காற்று எழும்பியது. நான் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு மேசிரியாரிடம் ஓடினேன். "நீ கேட்டா எப்பிடி? அவனெல்லோ கேக்கோணும்" என்று வெற்றிலையை மென்றார். நான் திரும்புமுன் மரம் பிளந்து மச்சானின் நெஞ்சில் அடித்தது. தோணி வாவியைக் கடக்குமுன் அவன் முடிந்துபோனான்.

செத்த வீட்டுக்கு மேசிரியார் புது வேட்டியில் வந்தார். அக்காவின் மடியில் ஒரு புது அரத்தைப் போட்டார். "அவன் கேக்கவே இல்ல. இந்தா, கேக்காமலே தாறன்." அந்த மனிதனைக் கொன்றிருக்க வேண்டும் என்று இப்போதும் நினைக்கிறேன். கொல்லவில்லை; அவரிடமே வேலைக்குப் போனேன். வேறு யாரும் வேலை தரவில்லை.

சண்டைக் காலத்தில் கப்பல் வராமல் கடைகளில் அரம் இல்லாமல் போயிற்று. ஒரு நாள் மேசிரியார் அக்காவின் வேலிக் கடப்பில் வந்து நின்றார்.

"புள்ள, அந்த அரத்தத் தா மனே. வாளெல்லாம் மொட்டை."

பக்கத்தில் நான் நிற்க, அக்கா அம்மியில் சம்பல் அரைத்துக்கொண்டிருந்தாள். "கேக்கிற மாதிரிக் கேளுங்க" என்றாள்.

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். சால்வையை எடுத்து இடுப்பில் கட்டி, இரண்டு கையையும் நீட்டினார். அக்கா உள்ளே போய் அரத்தை எடுத்து வந்தாள். அம்மியைக் கழுவினாள். அவர் கண்முன்னே அரத்தை அந்தக் கல்லில் வைத்துத் தேய்த்தாள். ஒரு பக்கம் மழுங்கியதும் அடுத்த பக்கம் புரட்டினாள். நீட்டிய கையை மடக்கவும் தெரியாமல் அவர் நின்றார். எனக்கு வயிறு குளிர்ந்தது.

மறுநாள் காலை அந்த மொட்டை வாள்களில் ஒன்றின் பிடி என் கையில் இருந்தது. அரம் இல்லையென்றால் அதை இழுக்கப்போகிறவன் நான் என்று அக்காவுக்குத் தெரியாமலில்லை. இந்த வழவழப்பைத் தடவும்போதெல்லாம் அதுதான் நினைவுக்கு வருகிறது. தேய்த்து முடியும்வரை அவள் மேசிரியாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்ற என்னை ஒரு தரமும் பார்க்கவில்லை.