சரியான பயிற்சியாளர் கிடைக்கும் வரை

பயிற்சியாளர் வேலை என்பது மற்றவர்களை ஓடவிட்டுத் தான் மூச்சு வாங்குகிற வேலை. பிள்ளைகளுக்குப் பாட்டோ நடனமோ கணக்கோ சொல்லிக்கொடுத்துவிட்டு, அவர்கள் மேடையேறும்போது ஓரத்தில் நின்று நகம் கடித்த எவருக்கும் இது புரியும். அப்படிப்பட்டவர்களை என் சொந்தக்காரர் என்று நினைத்துத்தான் எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. யாழ்ப்பாணத்தில் பெண்கள் பாடசாலையொன்றில் விளையாட்டு ரீச்சராக இருந்த நான், சூரிச்சுக்குப் பக்கத்தில் ஓர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் சாப்பாட்டுக்கூடத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். அந்தக் கல்லூரியில் பெண்களுக்கு ஒரு சொஃப்ட்போல் அணி இருந்தது. அதைத் தொடங்கிய அமெரிக்கப் பெண்மணி ஊர் திரும்பிவிட்டார். மட்டையால் அடித்துவிட்டு நான்கு மூலையையும் சுற்றி ஓடுகிற அந்த விளையாட்டைத் தெரிந்தவர்களை அப்போது சுவிஸில் வலைபோட்டுத்தான் தேட வேண்டும். என் பழைய உத்தியோகத்தைப் பற்றி சமையலறைப் பொறுப்பாளர் போய்க் கல்லூரி அதிபரிடம் சொல்லிவிட்டார்.

அதிபர் ஹெர் அம்ஸ்லர் ஒல்லியான, உயரமான மனிதர். வார்த்தைகளைச் சொந்தக் காசு போலச் செலவழிப்பார். "மட்டையும் பந்தும் வைத்து விளையாடுகிற ஏதாவது தெரியுமா?" என்று கேட்டார். எங்கள் பாடசாலைகளில் விளையாடும் எல்லே தெரியும் என்றேன். "நல்லது. சரியான பயிற்சியாளர் கிடைக்கும் வரை நீங்கள் பாருங்கள்" என்றார்.

அந்தக் "கிடைக்கும் வரை" என் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது. சவர்க்காரத் தண்ணீரிலிருந்து கையை எடுத்துக்கொண்டு மறுபடி ஒரு மைதானத்தில் நின்றபோது எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அதை யாராவது ஒரு சான்றிதழ்க்காரர் வந்து பறித்துக்கொண்டு போய்விடுவாரோ என்ற பயத்தோடேயே என் முதல் மூன்று கோடைகாலமும் கழிந்தன.

தொடையில் பட்ட பந்து

எல்லேயில் ஓடுகிறவள் மேல் பந்தை எறிந்து பட வைத்தால் அவள் ஆட்டமிழந்தாள். சொஃப்ட்போலில் அப்படியில்லை, பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுகிறவளைத் தொட வேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. முதல் நாள் பயிற்சியில் ரெகுலா ஓடிக்கொண்டிருந்தாள். பால்பண்ணைக்காரரின் மகள், அணித்தலைவி, பந்து வீசுவதும் அவள்தான். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தபடி நின்ற இன்னொரு பிள்ளை வெரேனாவைப் பார்த்து, "என்ன பார்த்துக்கொண்டு நிற்கிறாய்? அவளுக்கு எறி!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். ரீச்சர் சொன்னால் கேட்கிற பிள்ளை அவள். குறிபார்த்து எறிந்தாள்.

எல்லேக்கு நாங்கள் எடுப்பது ரெனிஸ் பந்து. சொஃப்ட்போல் என்று பெயர் வைத்த மனிதர் அந்தப் பந்தைக் கையால் தொட்டுப் பார்த்திருக்கவே மாட்டார், அவ்வளவு கல்லு. ரெகுலாவின் தொடையில் பட்ட சத்தம் சமையலறை வரைக்கும் கேட்டதாம். அவள் அழவில்லை. தொடையைத் தேய்த்துக்கொண்டே என்னிடம் நொண்டி வந்து, உண்மையான அக்கறையோடு கேட்டாள்: "உங்கள் நாட்டில் ஆட்டம் முடியும்போது எத்தனை பேர் மிஞ்சுவார்கள், ரீச்சர்?"

ரயிலுக்கு நேரமானது

சுவிஸ் பிள்ளைகள் பயிற்சிக்குப் பிந்துவதில்லை. அதைக் கண்டு எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. ஊரில் என்றால் ஒவ்வொருத்தியையும் வகுப்பு வகுப்பாகப் போய்த் துரத்திக் கலைத்துக்கொண்டு வர வேண்டும். ஆனால் நேரத்துக்கு வருகிறவர்கள் நேரத்துக்குப் போகவும் செய்வார்கள் என்பது என் புத்திக்கு எட்டவில்லை. ஒரு மாலை ரெகுலா ஓங்கி அடித்த பந்து வானத்துக்குப் போனது. அதைப் பிடிக்க வேண்டியவள் வெரேனா. அண்ணாந்து பந்தைப் பார்த்தாள். குனிந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். கையுறையைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு ரயில் நிலையத்தை நோக்கி நடக்கத் தொடங்கினாள். அவள் நின்ற அதே இடத்தில் பந்து வந்து விழுந்தது.

எனக்கு வந்த கோபத்தில் மைதானத்தைத் தாண்டி அவள் பின்னால் ஓடினேன். பந்து அந்தரத்தில் நிற்கும்போது எங்கே போகிறாய் என்று கேட்டேன். அவள் நின்று, கை கொடுத்து விடைபெற்று, மிக மரியாதையாகச் சொன்னாள்: "பந்து எப்படியும் கீழே வந்துவிடும், ரீச்சர். ரயில் எனக்காகத் திரும்பி வராது."

ஊமைப்படம்

மைதானத்தை ஒட்டிய வீட்டின் முதலாம் மாடியில் ஃப்ராவ் ஹூபர் என்ற வயதான பெண்மணி இருந்தார். சுவிஸில் ஞாயிற்றுக்கிழமை சத்தம் போடக்கூடாது. வெறும் போத்தலைக்கூடத் தெருவோரத் தொட்டியில் போட முடியாது, திங்கட்கிழமை வரைக்கும் அது வீட்டிலேயே இருக்க வேண்டும். எங்கள் போட்டிகளோ ஞாயிற்றுக்கிழமைகளில். என் குரலோ கோயில் ஒலிபெருக்கிக்குச் சவால் விடுகிற குரல். ஃப்ராவ் ஹூபர் அதிபரிடம் முறையிட்டார். அதிபர் என்னிடம் ஒரே ஒரு சொல் சொன்னார்: "மெதுவாக." என்னை அனுப்புவதற்குக் காரணம் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் முழுவதும் பிள்ளைகளுக்கு வாய் திறக்காமல் விளையாடப் பழக்கினேன். எல்லாம் கண்ணாலும் கையாலும்தான். கைதட்டல்கூடக் கிடையாது. ஞாயிறு வந்த எதிரணி எங்களைப் பார்த்து வெலவெலத்துப் போனது. செத்த வீட்டுக்கு வந்துவிட்டோமோ என்று நினைத்திருப்பார்கள். அந்த அமைதிக்குப் பயந்தே பந்துகளைக் கை நழுவ விட்டார்கள். நாங்கள் நன்றாக முன்னுக்கு நின்ற நேரம், ஃப்ராவ் ஹூபர் வீட்டுச் செருப்போடு வேலியடிக்கு வந்தார். இன்றைக்கு ஒரு சத்தமும் போடவில்லையே என்று நான் முந்திக்கொண்டேன். "அதைத்தான் கேட்க வந்தேன்," என்றார். "நான் அடுப்படியில் நிற்கிறேன். நீங்கள் கத்தாவிட்டால் யார் வெல்கிறார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?"

ஆளுக்கொரு ஆப்பிள்

வெளியூர்ப் போட்டிக்குப் போனால் ஒவ்வொருத்தியும் தனக்கென்று ஓர் ஆப்பிள், தனக்கென்று ஒரு துண்டுப் பாண் கொண்டுவருவாள். ஆளுக்கொரு மூலையில் இருந்து தன்னுடையதைத் தானே சாப்பிடுவாள். ஒருத்தி மற்றவளுக்கு ஒரு கடி கொடுக்க வேண்டுமே! என்னால் கண்கொண்டு பார்க்க முடியவில்லை. அடுத்த பயணத்துக்கு, டீட்டிகோனில் எங்களுக்கு அடுத்த வீட்டிலிருந்த யோகேஸ் அக்காவையும் துணைக்குப் பிடித்து, வடையும் மீன் ரோல்சும் பெரிய சட்டி நிறையப் புளிச்சாதமும் செய்து கொண்டுபோனேன். முதல் கடியில் பிள்ளைகளின் கண்ணில் தண்ணீர். இரண்டாம் கடிக்கு வரிசை. ஆட்டம் தொடங்கியபோது ஒருத்தியாலும் குனிந்து பந்தெடுக்க முடியவில்லை. படுதோல்வி.

அன்றோடு சட்டம் போட்டேன், ஆட்டம் முடிந்த பிறகுதான் சாப்பாடு. அதற்குப் பிறகு அவர்கள் ஓடிய ஓட்டத்தைப் பார்க்க வேண்டும். எதிரணிக்கும் பங்கு வேண்டும் என்று ரெகுலா சொன்னதால் சட்டி இரண்டானது. பொரித்துப் பொரித்துக் கை ஓய்ந்த யோகேஸ் அக்கா ஒருநாள் அகப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டா: "ரீச்சர், உந்தப் பிள்ளையள் விளையாடப் போகினமோ, இல்லாட்டிக் கலியாண வீட்டுக்குப் போகினமோ?"

லோசானில் ஒரு தாலிக்கொடி

மூன்றாவது கோடையில் கல்லூரிகளின் இறுதிப் போட்டிக்கே போய்விட்டோம். லோசான் அணிக்கு எதிராக, அவர்களுடைய மைதானத்தில். இந்த விளையாட்டில் பயிற்சியாளர் ஓரத்தில் நின்று இரகசியச் சைகை காட்டுவார். தொப்பியைத் தொட்டால் ஓடு, மூக்கைத் தொட்டால் நில், இப்படி. எதிரணிப் பயிற்சியாளர் அதைக் கண்டுபிடிக்கக் கண்ணில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்திருப்பார். எனக்கோ பயம் வந்தால் தாலிக்கொடியை வெளியே எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற பழக்கம். அன்றைக்கு அதை அடிக்கடி எடுத்தேன்.

கடைசிச் சுற்று. இரண்டு அணிக்கும் ஒரே புள்ளி. ரெகுலா மூன்றாவது மூலையில் நின்றாள், மட்டையடிக்கிற மூலைக்கு, அதைத்தான் 'வீடு' என்பார்கள், அவள் வந்து சேர்ந்தால் வெற்றி. மட்டை வெரேனாவின் கையில். நான் முருகனைக் கூப்பிட்டுத் தாலிக்கொடியை எடுத்ததுதான் தாமதம், லோசான் பயிற்சியாளர் பிரெஞ்சில் ஏதோ கத்த, அவருடைய பிள்ளைகள் எல்லோரும் மட்டைக்குக் கிட்ட ஓடி வந்தார்கள். மெதுவாகத் தட்டிவிட்டு ஓடச் சொல்லிச் சைகை காட்டுகிறேன் என்று நினைத்துவிட்டார்கள். வெரேனா ஓங்கி ஒரு அடி. பந்து அவர்கள் எல்லோருடைய தலைக்கும் மேலால் போனது. ரெகுலா ஓடிவந்து புழுதியில் சறுக்கி விழுந்து எழும்பியபோது நான் நடு மைதானத்தில் நின்று அழுதுகொண்டிருந்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோசமாக நான் அழுததில்லை.

பிறகு அந்தப் பயிற்சியாளர் தேடி வந்தார். அந்தத் தங்கச் சங்கிலிச் சைகைக்கு என்ன அர்த்தம் என்று ரெகுலாவை மொழிபெயர்க்க வைத்துக் கேட்டார். சைகை ஒன்றுமில்லை, சாமி கும்பிட்டேன் என்றேன். மனிதர் என் கையைப் பிடித்துக் குலுக்கிச் சொன்னார்: "அப்படியென்றால் மடாம், இவ்வளவு நேரமும் நாங்கள் உங்கள் கடவுளைத்தான் மறித்து விளையாடியிருக்கிறோம்."

கேட்கக் கூடாத கேள்வி

வென்றுவிட்டு வீட்டுக்கு வந்தால் அங்கே இன்னொரு செய்தி. என் கணவருக்குத் தூரத்து ஊரான எம்மன்புரூக்கேயில் தொழிற்சாலை வேலை கிடைத்திருந்தது. வீடு மாறினால் எனக்குக் கல்லூரி இல்லை. "உம்மட வேலை நிரந்தரமெண்டால் நான் டீட்டிகோனிலயிருந்து ரயிலில போய் வாறன்," என்றார். "இல்லையெண்டால் வீட்டை மாத்துவம். அதிபரிட்ட ஒருக்காக் கேளுமன்."

"எப்பிடியப்பா வாய்விட்டுக் கேக்கிறது?" என்றேன். மேலே இருக்கிறவர் தானாகச் சொல்ல வேண்டும், நாங்கள் போய்க் கேட்டால் மரியாதை இல்லை. அப்படித்தான் எங்களுக்கு வளர்ப்பு. அதைவிடப் பெரிய காரணம் பயம். கேட்காதவரைக்கும் இல்லை என்ற பதில் வராது. இப்போதோ வென்ற அணி. இனித்தான் சரியான பயிற்சியாளர்கள் வரிசையில் வந்து நிற்பார்கள் என்று மனம் சொல்லியது. இரவு முழுக்கப் புரண்டேன். ஆனாலும் கேட்காவிட்டால் வீடு மாறத்தான் வேண்டும், மைதானமும் போய்விடும். திங்கட்கிழமை காலை ஏப்ரனைக் கழற்றி வைத்துவிட்டு அதிபரின் கதவைத் தட்டினேன்.

"சரியான பயிற்சியாளர் கிடைத்துவிட்டாரா, ஹெர் அம்ஸ்லர்?"

"யார்?"

"நீங்கள் தேடுகிறவர். எனக்குப் பதிலாக."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். முகம் வெளுத்துவிட்டது. "நீங்கள் போகப் போகிறீர்களா?" என்றார். இல்லை, நிற்கத்தான் ஆசை என்றேன். அவர் மூச்சை விட்டார். அந்த மனிதர் அத்தனை சொல் சேர்த்துப் பேசி அன்றுதான் கேட்டேன்: "உங்கள் முதலாவது கோடையிலேயே தேடுவதை நிறுத்திவிட்டேன். நீங்கள்தான் பயிற்சியாளர். அன்றிலிருந்து நீங்கள்தான்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, அவருடைய மேசையிலிருந்த கனத்த புத்தகத்தைத் தூக்கி எல்லே முறைப்படி எறியலாமா என்றும் வந்தது. பிறகு ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் என் கேள்வி விளங்காதவராக என்னைப் பார்த்தார். "நீங்கள் ஒருநாளும் கேட்கவில்லையே," என்றார்.

கேட்காமல் சொல்லாத ஊருக்குச் சொல்லாமல் கேட்காத ஆள் போய்ச் சேர்ந்தால், வெற்றிக் கிண்ணத்தைக்கூடத் தற்காலிகமாகத்தான் தூக்க வேண்டியிருக்கும்.