வயித்துப் பங்கு

பாரிவேட்டைக்குக் கிளம்பும் காலையில் அய்யனார் கோயில் வாசலில் சாமியாடி சிவசாமி ஒரே ஒரு வார்த்தை கேட்பார். "நெறைவீட்டுக்காரங்க இருந்தா வெலகி நில்லுங்கப்பா." பெண்டாட்டி மாசமாக இருக்கிறவன் வேல்கம்பைக் கீழே வைத்துவிட்டு ஆலமரத்தடிக்குப் போய் உட்கார்ந்துகொள்ள வேண்டும். வீட்டுக்குள் ஓர் உயிர் உருவாகிக்கொண்டிருக்கையில் வெளியே போய் ஓர் உயிரை எடுக்கக்கூடாது என்பது செம்பாறைப்பட்டியில் எழுதாத சட்டம். உட்கார்ந்தவனுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. சாயங்காலம் கறி பிரிக்கும்போது அவன் வீட்டுக்கு ஒரு கூறு கூடுதலாகவே போகும். அதற்கு வயித்துப் பங்கு என்று பெயர்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒருவன் எழுந்து ஆலமரத்தடிக்கு நடந்துவிட்டால் அவன் வீட்டு விஷயம் அன்றைக்கே ஊர் முழுக்கத் தெரிந்துபோகும். அமராவதிக்கு அதுதான் பயம்.

இரண்டு மாசி மாதங்களில் அவள் புருஷன் தங்கமுத்து அப்படி எழுந்து நடந்திருக்கிறான். இரண்டு தடவையும் பங்குக் கறி வீட்டுக்கு வந்தது. இரண்டு தடவையும் பங்குனி முடிவதற்குள் கரு கலைந்துபோனது. ஊரில் யாரும் கெட்ட வார்த்தை சொல்லிவிடவில்லை. "எத்தனை மாசம்த்தா?" என்று கேட்டுவிட்டு வயிற்றை ஒரு பார்வை பார்த்தார்கள், அவ்வளவுதான். அந்தப் பார்வைதான் தின்றுவிட்டது என்று அமராவதி நம்பினாள். அவளிடம் அது தப்பு என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

மூன்றாவதாக இது தங்கியது. நாலு மாசம் முடிந்து ஐந்தும் ஆரம்பித்துவிட்டது. வாந்தி வந்தால் கிணற்றடி வேலிக்கு அப்பால் போய் எடுத்தாள். புளியங்காயைத் தொடவில்லை. முந்தானையை அகலமாக இழுத்துச் செருகிக்கொண்டாள். "சதை ஏறியிருக்கு ஒனக்கு" என்று எவளாவது கேலி செய்தால், "புதுக் கடலை, நெறையத் தின்னுட்டேன்" என்று சிரித்து வைத்தாள். பெற்ற தாயிடம்கூட மூச்சு விடவில்லை. அதற்குள் சிவராத்திரி வந்துவிட்டது. சிவராத்திரிக்கு மறுநாள் பாரிவேட்டை.

சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்த சமயம் அது. ராஜா காலத்தில் மேற்குக் காட்டுக்குள் ஊர்க்காரர்கள் வேட்டைக்கு நுழைய முடிந்தது வருஷத்துக்கு அந்த ஒரு நாள்தான். ராஜா போய் சர்க்கார் வந்தும் அந்த ஒரு நாளை ஊர் விடவில்லை. அய்யனாரே குதிரையில் ஏறி முன்னால் போகிறார் என்று ஐதீகம். போகாத ஆண்பிள்ளையை ஊர் கேள்வி கேட்கும். தங்கமுத்துவுக்கோ அப்பன் காலத்திலிருந்து ஓடைக்கரையில், விரட்டி வரும் விலங்குக்கு வலை பிடித்து நிற்கிற இடம்.

முதல்நாள் பொழுது சாய்கிற நேரத்தில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவனிடம் அமராவதி மெல்லக் கேட்டாள்.

"என்னங்க, நாளைக்கு என்ன செய்யப் போறீங்க?"

"வெலகி நின்னா ஊருக்கே தெரிஞ்சுபோயிரும்."

"வெலகாமப் போனா?"

அவன் வாளியைக் கீழே வைத்தான். "போறேன். ஆனா ஒண்ணையும் கொல்ல மாட்டேன். கம்பு சும்மா கையில இருக்கட்டும். முயலு வந்து விழுந்தா வலைய லேசாத் தூக்கி அங்கிட்டு ஓட விட்டுர்றேன். யாருக்குத் தெரியப் போவுது?"

அமராவதிக்கு அது பெரிய யோசனையாகப் பட்டது. சாமியையும் ஊரையும் வயிற்றுப் பிள்ளைக்கு வரும் தோஷத்தையும் ஒரே நாளில் ஏமாற்றிவிடலாம் என்று இரண்டு பேரும் கணக்குப் போட்டார்கள். முயலைக் கணக்கில் சேர்த்தார்கள். பன்றியைச் சேர்க்கவில்லை.

மறுநாள் காலை சிவசாமி கேட்டார். தங்கமுத்து தலையைக் குனிந்துகொண்டு நின்ற இடத்திலேயே நின்றான். திருநீறு வாங்கிக்கொண்டு காட்டுக்குப் போய்விட்டான்.

அமராவதிக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. விதைக்கடலையை முறத்தில் கொட்டி உரிக்க உட்கார்ந்தாள். பருப்பைக் குப்பையில் போட்டாள், தோலைப் பானையில் போட்டாள். மேற்கே தப்புச் சத்தமும் நாய்க் குரைப்பும் விட்டுவிட்டுக் கேட்டன. ஒவ்வொரு கூச்சலுக்கும் கை தானாக வயிற்றுக்குப் போனது. கோயில் வாசலில் வாய் திறக்காமல் நின்றது பொய்தானே, அய்யனார் அதை மன்னிப்பாரா என்று ஓயாமல் அரித்தது. அவருக்கென்ன, இரண்டு பெண்டாட்டிகள் பக்கத்தில் இருக்கிறார்கள், பிள்ளை என்று ஒன்று கிடையாது, இந்தப் பயம் அவருக்கு எப்படிப் புரியும் என்று ஒரு கோபம் வந்தது. உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

உச்சிப்பொழுதில் வயிற்றுக்குள் ஏதோ நழுவினாற்போல இருந்தது. பிள்ளை முதன்முதலாக அசைகிறது. சந்தோஷப்பட வேண்டிய நேரம். ஆனால் அங்கே அவன் கை எதையாவது குத்திவிட்டதோ, அதனால்தான் இது துடிக்கிறதோ என்றுதான் அவளுக்குத் தோன்றியது. அந்த நேரம் பார்த்துத் தப்புச் சத்தம் நின்றுபோனது.

கொஞ்ச நேரத்தில், வேட்டைக்குப் போயிருந்த வீரய்யா தெருவில் மூச்சிரைக்க ஓடிவந்தான். "பழைய வேட்டி இருந்தா குடுங்க, வெரசா."

"யாருக்கு?"

"பன்னி குத்திப்புட்டுது. தங்கமுத்து அண்ணன் நின்ன ஓடைக்கரையிலதான். நீங்க குடுங்க முதல்ல."

வேட்டியைக் கொடுத்துவிட்டு அவளும் பின்னாலேயே போனாள். கால் மண்ணில் பாவவில்லை. ஊர் எல்லையில் வண்டி எதிரே வந்தது. படுத்திருந்தவனின் தொடையில் சுற்றியிருந்த துணியெல்லாம் சிவப்பு. முகம் தெரிந்தது. ஆண்டிச்சாமி. தங்கமுத்துவின் பங்காளி, அடுத்த வீட்டுக்காரன். அவன் பெண்டாட்டி செவந்தி முன்னமே ஓடிப்போய் வண்டியில் ஏறி, அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற வண்டி நிற்காமல் போய்விட்டது.

அமராவதிக்கு அப்பாடா என்று வந்தது. வந்ததை அவளால் தடுக்க முடியவில்லை. பிறகு வெட்கத்தில் உடம்பு கூசியது.

கோயில் திடலில் கூட்டம் கூடியிருந்தது. செத்த பன்றி ஆலமரத்தடியில் கிடந்தது. வேட்டைக்காரர்களின் வேல்கம்புகளைச் சாமி முன்னால் வரிசையாகச் சாத்தியிருந்தார்கள். தங்கமுத்துவின் கம்பை மட்டும் ஊர்த் தலைவரான அம்பலம் வெள்ளைச்சாமி கையில் வைத்திருந்தார். காலையில் தீட்டியபடியே அது பளபளவென்று இருந்தது. அதைக் காட்டி அவர் தங்கமுத்துவைக் கேட்டார்.

"பன்னி ஒன் முழங்கால ஒரசிக்கிட்டுப் போயிருக்கு. பாத்தவங்க இருக்காங்க. ஒன் கம்புல ஒரு பொட்டு ரத்தம் இல்ல. நீ ஒதுங்கி வழிவிட்ட. பின்னால ஆண்டிச்சாமி முதுகத் திருப்பிக்கிட்டு வலையில முயலு எடுத்துக்கிட்டு இருந்தான். அது ஒனக்குத் தெரியுமா, தெரியாதா?"

தங்கமுத்து கம்பைப் பார்த்தான்.

"போன வருசம் வாய்க்காத் தண்ணிக்கு ரெண்டு பேரும் மம்பட்டியத் தூக்குனீங்க. அத மனசுல வச்சுக்கிட்டு விட்டியா?"

எதற்கும் அவன் பேசவில்லை. கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தான். கூட்டத்துக்குள் ஒருவன், "ஊர விட்டு வெலக்கி வையுங்க" என்றான். இன்னொருவன் போலீஸ் என்றான். தங்கமுத்து ஒரே ஒரு தடவை தலையைத் தூக்கி அமராவதியைப் பார்த்தான். சொல்லாதே என்று அந்தப் பார்வை கெஞ்சியது. ஊருக்குக் கொலைகாரனாக நிற்கவும் மனுஷன் துணிந்துவிட்டான், பிள்ளையின் மேல் ஒரு கண் படக்கூடாது என்பதற்காக.

அமராவதி சுற்றிலும் பார்த்தாள். இத்தனை கண்கள் இருக்கின்றன இங்கே. சொன்னால் பிள்ளை போய்விடும். சொல்லாவிட்டால் புருஷன் போய்விடுவான். வயிற்றில் மறுபடியும் அந்த அசைவு. அவள் முந்தானைச் செருகலை உருவிவிட்டு முன்னால் வந்தாள்.

"அம்பலார், எங்க வீட்டுக்கு வயித்துப் பங்கு எடுத்து வைங்க."

பெண்கள் எல்லோரும் அவள் வயிற்றைப் பார்த்தார்கள். அவள் பயந்த பார்வை அத்தனையும் ஒன்றாக வந்து விழுந்தது.

சிவசாமிதான் முதலில் வாயைத் திறந்தார். "காலையில நான் கேட்டப்ப ஏன்டா பேசாம நின்ன?"

"ரெண்டு தடவ வெலகி நின்னேன் சாமி," என்றான் தங்கமுத்து. "ரெண்டும் தங்கல."

அம்பலம் கம்பை அவனிடம் திருப்பித் தரவில்லை. ஓடைக்கரை இடம் இனி அவனுக்குக் கிடையாது, கம்பும் வலையும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார். பங்கு எதற்கு இவனுக்கு என்று யாரோ முணுமுணுத்தார்கள். சிவசாமி கையைக் காட்டி அடக்கினார். "பங்கு வயித்துக்கு உள்ளது. அவனுக்கு இல்ல. எடுத்து வை."

பனையோலைப் பட்டையில் கறி வீட்டுக்கு வந்தது. ஆண்டிச்சாமியைக் குத்திய அதே பன்றி. தங்கமுத்து அந்தப் பக்கமே திரும்பவில்லை. அமராவதி ஆக்கினாள். சாமி பங்கு, குப்பையில் போட்டால் குற்றம். ஒரு வாய் எடுத்துப் போட்டு மெல்லாமல் விழுங்கினாள்.

பங்குனிக் கடைசியில் ஆண்டிச்சாமியைக் கொண்டுவந்து இறக்கினார்கள். கால் இருந்தது. ஆனால் மடங்காது, கம்பு இல்லாமல் நடக்க வராது. செவந்தி சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால்கூட அமராவதிக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கிணற்றடியில் ஒருநாள் செவந்தி வாளியைக் கீழே வைத்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"கோயில்ல ஒரு வார்த்த சொல்லியிருந்தா அந்த எடத்துல வேற ஆளு நின்னிருப்பான்ல."

அமராவதியால், "ஆமாக்கா" என்றுதான் சொல்ல முடிந்தது.

அதன் பிறகு அவளுடைய பயம் இடம் மாறிவிட்டது. பங்குனி கழிந்தது, சித்திரை கழிந்தது, பிள்ளை தங்கிவிட்டது. ஊர்க் கண் ஒன்றும் செய்யவில்லை. ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் விடிந்ததும் கேட்கும் கம்பு ஊன்றும் சத்தம் அவளைப் பிடித்துக்கொண்டது. டொக்கென்று ஓர் ஊன்றல், ஓர் இழுப்பு. அடுத்தவன் காலை விலையாகக் கொடுத்துக் காப்பாற்றிய பிள்ளை எப்படிப் பிறக்கும்? அதை அவள் யாரிடமும் கேட்கவில்லை. புருஷனிடமும் கேட்கவில்லை.

ஆனிக் கடைசியில் மழை இறங்கி ஊரே கடலை விதைக்கப் போயிருந்த முற்பகலில் அவளுக்கு வலி கண்டது. கூப்பிட்ட குரலுக்கு வர அந்தத் தெருவில் ஒரே ஒருத்திதான் இருந்தாள். செவந்தி வந்தாள். வழியில் போன மாட்டுக்காரப் பையனை மருத்துவச்சியைக் கூட்டிவர விரட்டினாள். மருத்துவச்சி வருவதற்குள் பிள்ளை வந்துவிட்டது.

அழுகுரல் கேட்டது. எந்தப் பெண்ணும் அந்த நேரத்தில் ஆணா பெண்ணா என்றுதான் கேட்பாள். அமராவதி முழங்கையை ஊன்றி எழப் பார்த்தாள்.

"அக்கா, காலு ரெண்டும் நல்லாருக்கா?"

செவந்தியின் கை அப்படியே நின்றது. கேட்டது எதற்காக என்று அவளுக்கு விளங்கிவிட்டது. உலகத்தில் வேறு யாருக்கும் அது விளங்கியிருக்காது. பிள்ளையைச் சுற்றியிருந்த துணியை விலக்கி, உள்ளங்கையால் ஒரு காலை நீவி நீட்டி, மடக்கிக் காட்டினாள். அப்புறம் மற்றதையும் நீட்டி, மடக்கிக் காட்டினாள்.

பிறகு பிள்ளையை அமராவதியின் பக்கத்தில் கிடத்திவிட்டு வாசலுக்கு வந்தாள். வெளியே கம்பின் மேல் சாய்ந்துகொண்டு ஆண்டிச்சாமி நின்றிருந்தான்.

"என்ன புள்ள?" என்று கேட்டான்.

"நல்ல காலு," என்றாள் செவந்தி.